விரல் இடித்தால் பெரிய பூட்ஸ் தீர்வல்ல
'விரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரிய ஸ்கீ (பனிச்சறுக்கு) பூட்ஸ் வாங்குங்கள்' என்று ஒரு கட்டுரையில் இருப்பதை நம்பி யாரும் காசைக் கரைக்க வேண்டாம். நான் கரைத்தேன். 26.5 அளவுக்குப் பதில் வாங்கிய 27.5-ல் குதிகால் மேலெழும்பிக்கொண்டே இருந்தது. அதை அடக்க பக்கிளை இறுக்கினால் பாதம் மரத்துப்போனது, திருப்பத்தில் ஸ்கீ சொன்ன பேச்சு கேட்கவில்லை. உண்மையான கோளாறு என் உள்ளங்கால் வளைவில். எடை விழும்போது அது தாழ்ந்து பாதம் நீள்கிறது, விரல் போய் இடிக்கிறது. வளைவைத் தாங்கும்படி என் காலுக்கே வார்த்த இன்சோலை, அதாவது பாதத்துக்கு அடியில் வைக்கும் தகட்டைப் போட்டதும் 26.5-லேயே இடம் கிடைத்துவிட்டது. கடையில் நிமிர்ந்து நிற்கும்போது விரல் தொடத்தான் செய்யும். முழங்காலை முன்னால் மடக்கினால் பின்வாங்கும். சந்தேகமிருந்தால் உள்ளே இருக்கும் மெத்தென்ற லைனரைக் கழற்றிவிட்டு, வெறும் ஷெல்லுக்குள் (வெளிப்புறக் கடின ஓடு) காலை விட்டு, விரல் லேசாகத் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னால் இடைவெளி பாருங்கள். 1.5 முதல் 2 செ.மீ. போதும், அதை ரொம்பத் தாண்டினால் எந்த இன்சோலும் காப்பாற்றாது. கணுக்கால் எலும்பு உரசினால் அந்த இடத்தில் மட்டும் ஷெல்லைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இரண்டு சாக்ஸ் போடச் சொல்கிறார்: ஐயா, மெல்லியது ஒன்றுதான்; இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம், ரத்த ஓட்டம் குறைந்து குளிரும் கூடும்.