ஆயிரத்தோடு நின்றுபோகும் பட்டியல்
அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், எஸ்3 பக்கெட்டில் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) இருக்கிற ஃபைல்களை எல்லாம் புது இடத்துக்கு மாற்ற ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினால், 1000 மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டு மீதி அங்கேயே கிடக்கிறது, ஒரு எரர்கூட இல்லை. ஃபைல் பட்டியலைக் கேட்டால் ஒரு அழைப்புக்கு 1000தான் தருமாம், பதிலுக்குள் 'இஸ் ட்ரங்கேட்டட்' (பட்டியல் பாதியில் வெட்டப்பட்டதா என்ற குறி) ட்ரூவா என்று பார்த்து, அடுத்த பகுதியைக் காட்டும் டோக்கனை எடுத்து, அடுத்த ரிக்வெஸ்டில் வைத்து மறுபடி கேட்க வேண்டுமாம். சரி, அந்த டோக்கனுக்காவது ஒரே பெயர் வைத்திருக்கலாமே? ஒரு சேவையில் நெக்ஸ்ட் டோக்கன், இன்னொன்றில் மார்க்கர், வேறொன்றில் கன்டினியூவேஷன் டோக்கன். அப்புறம் இவர்களுடைய டைனமோடிபி டேட்டாபேஸில் ஃபில்டர் போட்டால் காலிப் பக்கம் வருகிறது, ஆனால் அடுத்த பக்கத்துக்கான சாவியும் கூடவே வருகிறது. காலிதானே என்று லூப்பை நிறுத்தினால் பின்னால் இருக்கும் தரவு போச்சு. இப்படிப் பக்கம் பக்கமாகத் தானே கேட்டு வாங்கித் தர லைப்ரரியில் பேஜினேட்டர் என்று ஒன்று இருக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் எனக்குத் தேவைப்படும் அழைப்புக்கு மட்டும் அது இல்லை!