சம்பளத்துக்கு பதிலா சீட்டு

சர் ஜார்ஜ் கார்ட்டரெட், 1660ல இருந்து 1667 வரைக்கும் இங்கிலாந்து கடற்படையோட பொருளாளர். அமெரிக்காவுல நியூ ஜெர்சி இருக்குல்ல, அந்தப் பேரு இவரோட ஜெர்சி தீவுல இருந்து வந்ததுதான். இவர் மாலுமிங்க சம்பளத்தை அமுக்கினாரா இல்லையான்னுதான் அன்னைக்கு பெரிய சண்டை. எனக்கு அந்தக் கேள்வி பத்தலைன்னு தோணுது.

1665ல டச்சுக்காரங்களோட போர். பார்லிமென்ட் 25 லட்சம் பவுண்ட் தர்றதா ஒத்துக்கிச்சு, ஆனா வரி வசூலாகி கைக்கு வர்றதுக்குள்ள பிளேக் வந்து, மறுவருஷம் லண்டனே பத்தி எரிஞ்சு, கஜானா காலி. கப்பல்ல இருந்து இறங்குற மாலுமிக்கு காசு கிடையாது, இவ்வளவு பாக்கின்னு எழுதின சீட்டுதான். லண்டன் ஆபீஸ்ல அதைக் காட்டி காசு வாங்கிக்கணும், அங்க போனா இன்னைக்கு இல்ல போன்னுடுவாங்க. வீட்ல உலை வைக்கணுமே, சாராயக்கடைக்காரன்கிட்டயும் தரகன்கிட்டயும் கேட்ட விலைக்கு சீட்டை வித்துட்டுப் போனாங்க. பின்னாடி முழு காசு வாங்கினது யாரு, காத்திருக்க வசதி இருந்தவன்.

இதுல கார்ட்டரெட்டுக்கு அவர் கை வழியா போற ஒவ்வொரு பவுண்டுக்கும் 3 பென்ஸ், சட்டப்படியே!

அதே கடற்படை ஆபீஸ்ல அதிகாரியா இருந்த சாமுவேல் பீப்ஸ் டைரியில எல்லாம் இருக்கு. 1665 அக்டோபர்ல மாலுமிங்க காசில்லாம பட்டினியா தெருவுல கிடந்து புலம்பினது, 1666 ஜூலைல ஹாலந்துல கைதியா இருக்குற புருசனோட சம்பளம் கேட்டு 300க்கு மேல பொம்பளைங்க ஆபீஸ் முற்றத்துல வந்து நின்னது. படிக்கவே வயிறு எரியுது.

1667 ஜூன்ல டச்சுக்காரங்க இங்கிலாந்தோட மெட்வே ஆத்துக்குள்ளயே வந்து கப்பல்களை எரிச்சு, ராஜாவோட ராயல் சார்லஸ் கப்பலையே இழுத்துட்டுப் போயிட்டாங்க. டச்சுக் கப்பல்ல இருந்து, அவங்க பக்கம் போயிட்ட இங்கிலாந்து மாலுமிங்க குரல் இங்கிலீஷ்லயே கேட்டுதாம், முன்னாடி சீட்டுக்கு சண்டை போட்டோம், இப்ப டாலருக்கு, அதாவது டச்சு வெள்ளிக்காசுக்குப் போடுறோம்னு. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு சம்பளம் குடுக்காததோட பலன்தான் இதுன்னு லண்டன்ல வாப்பிங் தெருவுல பொம்பளைங்க கத்தினாங்க. அந்த மாலுமிங்களை துரோகின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அப்புறம்தான் விசாரணை. லண்டன் புரூக் ஹவுஸ்ல பார்லிமென்ட் போட்ட கமிஷன் உக்காந்து கணக்கைத் தோண்டுச்சு, 1669 டிசம்பர்ல பார்லிமென்டோட காமன்ஸ் சபை, அங்க உறுப்பினரா இருந்த கார்ட்டரெட்டை சபையில இருந்து சஸ்பெண்ட் பண்ணுச்சு, உடனே ராஜா இரண்டாம் சார்லஸ் சபையையே ஒத்திவெச்சிட்டார், 1670ல நானே கணக்கு பார்த்துட்டேன் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி முடிச்சிட்டார். நியாயமா ஒண்ணு சொல்லணும், கார்ட்டரெட் தன் பேர்ல கடன் வாங்கி கடற்படையை ஓட்டினதும் உண்மை. அவர் வீட்டுக்கு மூட்டை கட்டினார்னு நான் சொல்ல வரல.

ஆனா கணக்கு சரியா இருந்தா மாலுமிக்கு என்ன வந்துச்சு? சீட்டுக்கு முழுத் தொகையும் குடுத்தாச்சுன்னுதான் பேரேட்டுல விழும். அவன் எவ்வளவுக்கு வித்தான்ங்கிறது எந்தப் பக்கத்துலயும் வராது. குடுக்க வேண்டியதை இழுத்தடிச்சு ஒருத்தனை பாதி விலைக்குத் தள்ளுற அதிகாரி ஒரு பைசா தொடலைன்னாலும் ஏமாத்தினவர்தான், இதை நான் எங்க வேணா சொல்வேன்.

இன்னைக்கு 2 மாசம் சம்பளம் வரலைன்னாலே மாலுமியைக் கைவிட்டதா எடுத்துக்கலாம்னு சர்வதேச விதி இருக்கு. அப்படியும் மாசக்கணக்கா கப்பல்லயே மாட்டிக்கிட்டவங்க, ஊருக்குப் போனா போதும்னு கிடைச்சதை வாங்கிட்டு மீதி கேக்க மாட்டேன்னு கையெழுத்து போடுறாங்க. ஃபைல்ல அதுவும் செட்டில்மென்ட்னுதான் ஏறுது.