செக்யூரிட்டி சீருடையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறதா?

நேற்று முழுக்க அந்தப் படம்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதற்குச் சிரிப்புக்குறி போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். இடப்பக்கம் கன்னம் உப்பிய சின்னப் பையன் கேரி கோல்மன், அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தை நட்சத்திரமாக இருந்தவர். வலப்பக்கம் செக்யூரிட்டி சீருடையில் அதே கேரி கோல்மன். மேலே ஒரு வரி, கோடிகளை ஊதித் தள்ளினால் கடைசியில் இப்படித்தான் என்று.

அவர் ஊதித் தள்ளவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1978ல் அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடங்கியபோது அவருக்கு வயது பத்து. மனைவியை இழந்த ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த இரண்டு கறுப்பினச் சிறுவர்களைத் தத்தெடுக்கும் கதை. அதில் இளையவன் ஆர்னால்ட்தான் கேரி. நிஜ வாழ்க்கையிலும் அவர் தத்துப் பிள்ளைதான். 1986 வரை தொடர் ஓடியது. உச்சத்தில் இருந்தபோது ஒரு எபிசோடுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கினார் என்பார்கள். வாங்கினார் என்று சொல்வதே தப்பு. அவர் பெயரில் வந்தது, அவ்வளவுதான்.

இருபத்தொரு வயதில், 1989ல், தன்னை வளர்த்த அப்பா அம்மா மீதும் பழைய மேலாளர் மீதும் வழக்குப் போட்டார். என் பணத்தைக் கையாடிவிட்டார்கள் என்பது அவர் புகார். நாலு வருடம் கழித்து நீதிமன்றம் அவருக்கு 12.8 லட்சம் டாலர் தரச் சொன்னது. தீர்ப்பே அவர் பக்கம் வந்த விஷயத்துக்கு நாம் உட்கார்ந்து வேறு தீர்ப்பு எழுதுகிறோம். 1999ல் அவர் திவாலானதாக மனுக் கொடுத்தபோது செய்தியாளர்களிடம் பேசியதைத் தேடிப் படியுங்கள். கணக்கர், ஏஜெண்ட், வக்கீல், பெற்றோர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பழியில் தன் பங்கையும் சேர்த்தே சொன்னார். அந்த நேர்மை மற்றவர்கள் யாருக்காவது இருந்ததா?

இன்னொன்று. படத்தில் உங்களுக்குச் சிரிப்பு மூட்டிய அந்த உப்பிய கன்னமும் குள்ள உருவமும் எங்கிருந்து வந்தன? பிறவியிலேயே சிறுநீரக நோய். ஐந்து வயதில், 1973ல், முதல் மாற்று சிறுநீரகம். 1984ல் இரண்டாவது. இரண்டும் நிலைக்கவில்லை. நோயும் அதற்கான மருந்தும் சேர்ந்து 4 அடி 8 அங்குலத்தோடு வளர்ச்சியை நிறுத்திவிட்டன. அதனால்தான் பதினெட்டு வயதிலும் அவரைச் சின்னப் பையனாக நடிக்க வைக்க முடிந்தது. தொடர் நடந்த காலத்திலேயே டயாலிசிஸும் நடந்தது. அந்தப் பிள்ளையின் நோய்தான் அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்தது.

என் பெரியப்பா டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போய் வந்தவர். திரும்பி வந்த அன்றைக்குச் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. தண்ணீரை டம்ளரில் அளந்துதான் குடிப்பார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செக்யூரிட்டி வேலைக்குப் போனார் என்றால் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும்.

சரி, "அவர் ஒரு பெண்ணை அடித்தவர்தானே" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். அடித்தார். 1998ல். ரசிகை ஒருவர் ஆட்டோகிராஃப் கேட்டார், பேச்சு முற்றி, கேரி கை நீட்டிவிட்டார். தப்புதான். நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதாடவில்லை, தண்டனையை ஏற்றுக்கொண்டார். அவர் அன்றைக்குக் கடைக்குப் போனதே செக்யூரிட்டி வேலைக்குக் குண்டு துளைக்காத சட்டை வாங்கத்தான். முப்பது வயது ஆளை வழியில் நிறுத்தி, சின்ன வயசில் தொடரில் அண்ணன் வில்லிஸிடம் சொன்ன அந்த வசனத்தைச் சொல்லு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்கக் கேட்டது. அடித்ததற்கு இது சமாதானம் ஆகாது, ஆனால் இதையும் சொல்லாமல் அதை மட்டும் சொல்லக்கூடாது.

"கூட நடித்த எல்லோருமே நாசமானார்கள், அந்தத் தொடருக்கே சாபம்" என்று இன்னொருவர். பணக்காரரின் மகளாக நடித்த டானா பிளேட்டோ 34 வயதில், 1999ல், மருந்தை அளவுக்கு மீறி எடுத்து இறந்தார். அண்ணனாக நடித்த டாட் பிரிட்ஜஸ் போதையில் விழுந்து, சிறைக்குப் போய், மீண்டு வந்தார். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி நடந்தால் அதற்குச் சாபம் என்று பெயரா? பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர்கள் பார்க்கவில்லை என்று சொல்ல ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது?

சாப்ளினோடு 1921ல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் ஞாபகம் இருக்கிறதா? அவர் சம்பாதித்ததையும் அம்மாவும் அம்மாவின் இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டார்கள். அந்த வழக்குக்குப் பிறகு 1939ல் கலிஃபோர்னியாவில் சட்டமே வந்தது. ஆனால் ஓட்டை நிறைய. பிள்ளையின் சம்பளம் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தைக் கட்டாயம் தனியே போட்டு வைக்க வேண்டும் என்று ஒழுங்காகத் திருத்தியது 2000ல்தான். கேரி திவாலாகி அடுத்த வருடம்.

"அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு" என்றும் கேட்பீர்கள். நம் நாட்டிலும் 2017 விதிகள்படி, நடிக்கிற குழந்தையின் வருமானத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. உங்களுக்குத் தெரிந்த எத்தனை பெற்றோர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

என் கோபம் இது மட்டும் இல்லை. மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவும் செக்யூரிட்டிதான். கோயம்புத்தூரில் மில் மூடிய பிறகு, ஐம்பது வயசுக்கு மேல், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவனின் அக்கா கல்யாணம் அதே மண்டபத்தில். கூட்டத்தோடு வண்டியில் போய் இறங்குகிறோம், அப்பா விசில் ஊதி வண்டியை ஓரமாக விடச் சொல்கிறார். தொப்பி அவருக்குப் பெரிசு, நெற்றியில் இறங்கிக் கிடந்தது. கூட வந்த ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்தார், தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

ராத்திரி வீட்டில் நான் அழுதபோது, "நிக்கறதுக்குத்தான் கண்ணு சம்பளம் குடுக்கறாங்க, நாம யாரையும் ஏமாத்தலையே" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதனால் நேற்று உங்கள் சிரிப்புக்குறிகளைப் பார்த்தபோது எனக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "மீம் தானே, இதுக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படணுமா" என்று எழுத வேண்டாம். படணும்.

2003ல் கேரி கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று 14,242 வாக்கு வாங்கி எட்டாவதாக வந்தார். அதையும் ஒரு வாரப் பத்திரிகை நையாண்டிக்காகத்தான் நிறுத்தியது. 2010 மே 28ல், யூட்டாவில், கீழே விழுந்து தலையில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது 42. மரணப் படுக்கையில் எடுத்த படத்தைக்கூட விடவில்லை, அதுவும் பத்திரிகையில் வந்தது.

1999ல் எழுதிய ஒரு உயிலில், தன் கடைசிக் காரியத்தை நடத்துகிறவர்கள் தன்னோடு பணத் தொடர்பு எதுவும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கேரி கோல்மன் மீது நிஜமாகவே அக்கறை இருந்தது என்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சொல்ல முடிந்தவர்களாக இருக்க வேண்டும் என்றும். அதை எழுதும்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் எடுத்துவிடுங்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, ஆனால் உங்களைத்தான் கேட்கிறேன்.