யாக்கோபு என்றால் எத்தன் இல்லை

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் மைக்கைப் பிடித்தவர் பேசியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், வீடியோதான் எல்லா குரூப்பிலும் சுற்றுகிறதே. "யாக்கோபு என்றால் எத்தன், பிள்ளைக்கு வேறு நல்ல பேரா கிடைக்கவில்லை?" சிரித்தவர்களில் எனக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன், முடியவில்லை.

யாக்கோபு என்றால் எத்தன் இல்லை. எபிரேயத்தில் 'ஆக்கேவ்' என்றால் குதிகால். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 25:26-ஐ எடுத்துப் பாருங்கள், அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்ததால் அந்தப் பெயர். பிறந்த நிமிஷத்தில் அந்தப் பச்சைப்பிள்ளை யாரை ஏமாற்றியது? எத்தன் என்ற அர்த்தம் 27:36-இல்தான் வருகிறது. தகப்பன் தனக்குத் தரவிருந்த ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபிடம் பறிகொடுத்த ஏசா வயிறெரிந்து, இரண்டு தரம் என்னை மோசம்போக்கினானே, அவனுக்கு அந்தப் பேர் சரிதான் என்கிறான். சண்டையில் பங்காளி சொன்ன வார்த்தையையா பெயருக்கு அர்த்தம் என்று எழுதிவைப்பது?

ஆராய்ச்சியாளர்கள் பலர், இது 'யாக்கோபு-ஏல்', அதாவது 'கடவுள் காப்பாராக' என்ற பெயரின் சுருக்கம் என்கிறார்கள். 3,500 ஆண்டுகளுக்கும் முந்தைய எகிப்திய முத்திரைகளில் யாகுப்-ஹர் என்று ஓர் அரசனே இருக்கிறான். எத்தன் என்றா ராஜாவுக்குப் பெயர் வைப்பார்கள்?

"யாக்கோபின் பெயரைக் கடவுளே இஸ்ரவேல் என்று மாற்றினாரே" என்று வருவீர்கள், தெரியும். ஆபிராமையும்தான் ஆபிரகாம் என்று மாற்றினார், ஆபிராம் கெட்ட பெயரா? மாற்றிய பிறகும் 46:2-இல் "யாக்கோபே, யாக்கோபே" என்றுதான் கூப்பிடுகிறார். மோசேயிடம் 'யாக்கோபின் தேவன்' என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அவருக்குக் கூசாத பெயர் நமக்கு ஏன் கூசுகிறது? ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு கண் தெரியாத தகப்பனை ஏமாற்றினான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. செய்த காரியம் வேறு, பெயர் வேறு.

பிள்ளைக்கு ஜேம்ஸ் என்று வைத்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டீர்கள். ஜேம்ஸும் இதே பெயர்தான், லத்தீன் வழியாக உருமாறி வந்தது. சந்தியாகுவும் இதுதான், யாகூப்பும் இதுதான். ராமேசுவரம் தீவில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயிலில் போய் நின்று எத்தன் என்று சொல்வீர்களா?

என் அப்பா பெயர் யாக்கோபு. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் இதையே சொல்லிவிட்டு, "இங்கே யாராவது யாக்கோபு இருந்தால் மன்னிக்கணும்" என்றார். எங்கள் வரிசை முழுக்க அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, திரும்பச் செருகினார். வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் என் மகன் பிறந்தபோது "உங்க பேரையே வைக்கிறேம்பா" என்றேன். "என் பேர் வேண்டாம்மா, நாளைக்குப் பிள்ளையை யாராவது சொல்லுவாங்க" என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்பா போன பிறகு தம்பிதான் தைரியமாகத் தன் பிள்ளைக்கு வைத்தான். நேற்று ராத்திரி போன் செய்து, "அக்கா, பிறப்புச் சான்றிதழில் இன்னும் பேர் சேர்க்கவில்லை, மாற்றிவிடட்டுமா?" என்று கேட்கிறான்.

மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.