ஒரு 'ஏ' எழுத்துக்கு ஒரு நாள் பூரா

வயிறு எரியுது. வீட்டுக்கு வந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சும் தணியல.

நாளைக்கு நவம்பர் 15. சம்பா நெல்லுக்குப் பயிர் இன்சூரன்ஸ் கட்டக் கடைசி நாள். இந்தத் தேதியச் சொன்னாலே போதும், டெல்டாக்காரங்களுக்கு மத்ததெல்லாம் தெரியும். நிலம் யாரோடதுன்னு காட்டற சிட்டா, என்ன பயிர்னு வி.ஏ.ஓ. எழுதித் தர்ற அடங்கல், ஆதார், பாஸ்புக், எல்லாத்துக்கும் ஜெராக்ஸ். மஞ்சப்பையில வெச்சுக்கிட்டு, அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஒம்பதரைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் வரிசையில நின்னாச்சு.

பதினொண்ணே காலுக்கு எங்க முறை. கவுண்டர்ல இருந்தவர் சிட்டாவப் பார்த்தார், அடங்கலப் பார்த்தார். சிட்டாவுல உட்பிரிவு 3ஏ. அடங்கல்ல வெறும் 3. "இது செல்லாது, மாத்தி வாங்கிட்டு வாங்க." கண்ணாடிக்குக் கீழ இருக்கற சந்து வழியாத் தள்ளிவிட்டுட்டு அடுத்த ஆளுக்குக் கைய நீட்டிட்டார். பேப்பர் என் கைக்கு வராம ஈரத்தரையில விழுந்துச்சு. அப்பா குனிஞ்சு எடுத்தார். எழுபத்திநாலு வயசு. ஏழு மா நிலத்துக்கு இந்த வருஷமும் தானே சேத்துல இறங்கி நடவு பார்த்தவர். வேட்டி முனையால அந்தப் பேப்பர ஒத்தி ஒத்தி எடுத்தார், மை கலைஞ்சிரக் கூடாதேன்னு. தேய்க்கல, ஒத்தினார். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

அந்த 'ஏ'வ விட்டது யாரு? நாங்களா? எழுதினது ஒரு ஆபீஸ், செல்லாதுன்னது இன்னொரு ஆபீஸ். நடுவுல ஓடறது மட்டும் நாங்க. அந்த அடங்கலுக்கே போன வாரம் ரெண்டு தடவ நடந்தாச்சு.

வி.ஏ.ஓ. ஆபீஸ் ஆறு கிலோமீட்டர். மழை வேற. அடுத்த பஸ் ஒண்ணரைக்கு. என்ன செய்யறதுன்னு வாசப்படியில நிக்கறேன், வரிசையில எங்களுக்குப் பின்னாடி நின்ன ஒரு தம்பி, யாரு என்னன்னு தெரியாது, "அக்கா, வண்டி இருக்கு வாங்க"ன்னான். ரெண்டு மணி நேரமா நின்ன எடத்த விட்டுட்டு வந்தான். அப்பாவ எங்க விடறதுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள, வாசல்ல பூ விக்கற அம்மா கூடைக்கு அடியில கெடந்த உரச்சாக்க உருவி விரிச்சு, "ஐயா, நீங்க இப்புடி உக்காருங்க. நீ போயிட்டு வா தாயி"ன்னாங்க.

வி.ஏ.ஓ. ஆபீஸ் பூட்டியிருக்கு. தாலுக்காபீஸ்ல மீட்டிங்காம். மறுபடி அங்க ஓடினோம். ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில நனைஞ்சோம். அவர் வந்தார், பேனாவ எடுத்தார், 3க்குப் பக்கத்துல 'ஏ' போட்டார், ஒரு சுருக்கொப்பம், ஒரு சீலு. அரை நிமிஷம் ஆகல.

பெட்ரோலுக்கு நூறு ரூபா நீட்டினேன். "எங்கப்பாவும் இதுக்குத்தான்க்கா அலையறாரு"ன்னு சொல்லிட்டு, தொப்பலா நனைஞ்ச சட்டையோட போய் வரிசையில கடைசி ஆளா நின்னான். பூக்காரம்மா அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்காங்க. டீக்காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. நாலு முழம் பூ வாங்கினேன், அதுக்கு மட்டும் வாங்கிக்கிட்டாங்க.

கவுண்டர்ல சாப்பாட்டு நேரம். மூணு மணிக்குத் தொறந்தா சர்வர் இல்ல. நாலே முக்காலுக்கு, "இன்னிக்கு ஆகாது, நாளைக்கு வாங்க."

நாளைக்காம்! எங்க பக்கம் நவம்பர்ல ஒரு ராத்திரிங்கறது என்னன்னு தெரியுமா? 2018ல கஜா புயல் கரையக் கடந்தது நவம்பர் 16 விடியக்காலையில. முந்தின நாள் சாயங்காலம் நின்ன தென்னந்தோப்பு விடிஞ்சு பார்த்தா இல்ல. நாங்க காசில்லாமயும் நிக்கல. விவசாயி கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம், மீதிய அரசாங்கம் போடுது. அந்தக் காசக் கையில வெச்சுக்கிட்டு வாங்கிக்கங்கன்னு கெஞ்சறோம். வாங்கிக்கறதுக்கு ஆளில்ல.

வருமானச் சான்றுக்கு வந்திருந்த ஒருத்தர்தான், "ரெண்டு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கும்மா, அங்கயும் பதிவாங்க"ன்னு கூடவே நடந்து வந்து காட்டிட்டுப் போனார். அந்தத் தம்பியையும் கூட்டிக்கலாம்னு தேடினேன். ஆளக் காணும். சென்டர்ல இருந்த பொண்ணு கடைய மூடப் போனது, திரும்ப கம்ப்யூட்டரப் போட்டுச்சு. ஒவ்வொரு நம்பரையும் அப்பாகிட்ட சத்தமா வாசிச்சு, சரியா ஐயா, சரியா ஐயான்னு கேட்டுக் கேட்டு அடிச்சுது. எட்டு நிமிஷம். அதே இணையதளம், அதே சர்வர்.

இதச் சொன்னா, "பாரு, நல்லவங்க இன்னும் இருக்காங்க"ன்னு சிலிர்ப்பாங்க. இருக்காங்க, நான் இல்லேங்கல. அவங்க காலத் தொட்டுக் கும்பிடுவேன். ஆனா அந்தத் தம்பியோட ஒரு நாள் யார் கணக்குல போச்சு? சாக்கில்லாம ஈரத்துல இருந்த பூவுக்கு யார் பதில் சொல்றது? சம்பளம் வாங்கறவங்க செய்யவேண்டிய வேலைய, அன்னன்னிக்குப் பொழப்பு பாக்கறவங்க பெட்ரோல் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நனைஞ்சு செய்யறாங்க. எப்படியும் யாராவது எரக்கப்பட்டு முடிச்சுக் கொடுத்துருவாங்கங்கற தைரியத்துலதான் அந்த ஷட்டர் நாலே முக்காலுக்கு எறங்குது. அந்தப் பையன் வேலை முடிஞ்சுதான்னே எனக்குத் தெரியாது. பேரக் கேக்கக்கூடத் தோணல எனக்கு.

இதுல திரும்பி வர்ற டவுன் பஸ்ஸு வேற. ஸ்டாப்புல பொம்பளைங்களா நின்னாப் போதும், கைய காட்டக் காட்டத் தாண்டிப் போய் அம்பதடி தள்ளி நிறுத்துவாங்க. பொம்பளைங்க டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காம இலவசமாப் போறோம்னு அவ்வளவு எளக்காரம். இன்னிக்கும் அப்படித்தான் நிறுத்தினாங்க. அப்பா ஓடினார். ரசீது நனையக்கூடாதுன்னு மஞ்சப்பைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு, அந்த இருட்டுல, அந்த மழையில.