மைக்ரோவேவ் அடுப்புக் கதைக்கு ஒரு திருத்தம்

சார், “வேக ரேடியோ வெடிப்புகள் எல்லாமே ஆஸ்திரேலியாவில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு கிளப்பிய சத்தம், 2015-லேயே நிரூபித்துவிட்டார்கள்” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வேக ரேடியோ வெடிப்பு என்பது விண்வெளியிலிருந்து ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்துபோகும் ரேடியோ அலைத் துடிப்பு.

அடுப்பு கிளப்பியது “பெரிட்டான்” என்ற வேறு சிக்னல். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி அப்போது வானத்தில் 13 இடங்களை ஒரே நேரத்தில் பார்த்தது. அடுப்பு ஓடும்போதே கதவைத் திறந்தால் 13-லும் சிக்னல் விழுந்தது, அதாவது மூலம் பக்கத்திலேயே இருக்கிறது. உண்மையான வெடிப்பு பெரும்பாலும் ஓரிரு இடங்களில்தான் விழும்.

2012-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் பதிவான வெடிப்பு அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. சுமார் 300 கோடி ஒளியாண்டு தள்ளியுள்ள சிறு கேலக்ஸியிலிருந்து என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள். கனடாவின் சைம் தொலைநோக்கி 2021-இல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 536 வெடிப்புகள். திரும்ப வெடித்த மூலங்கள் 18. திரும்புபவையும் ஒருமுறை மட்டும் வெடிப்பவையும் இரண்டு வகையா, ஒன்றேதானா என்பதுதான் இப்போது பெரிய கேள்வி. பார்த்த எண்ணிக்கையை அப்படியே எடுக்கவும் முடியாது, மங்கலான வெடிப்புகள் தொலைநோக்கியில் சிக்காமல் தப்பிவிடும்.

ஞாயிறு சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் நம் தொலைநோக்கியைப் பார்க்க வரும் பிள்ளைகள் இந்தக் குழுவையும் படிக்கிறார்கள். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.