பெஞ்சில் உட்கார்ந்தவரையும் பயிற்சியாளராக அழையுங்கள்

சேலத்தில் ஒரு பள்ளி கூடைப்பந்துப் பயிற்சியாளரைத் தேடும்போது, மாநில அணிக்கு ஆடியிருக்கிறாரா, எத்தனைப் பதக்கம் வாங்கியிருக்கிறார் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். விசாரிப்பதில் தவறில்லை; விசாரணை அத்தோடு முடிந்துவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீவ் கெர் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரரின் வாழ்க்கையை இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1988-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கெர் 50-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். உயரமும் வேகமும் பெரிதாக இல்லாத அவர் பதினைந்து பருவங்கள் ஆடினார். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே களமிறங்கி, ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு புள்ளிகள் எடுத்தார். கைவசம் இருந்த ஒரே ஆயுதம் மூன்று புள்ளி எறிதல். அதில் நூற்றுக்கு 45-க்கு மேல் கூடையில் போட்டவர். சிகாகோவிலும் சான் அன்டோனியோவிலுமாக ஐந்து சாம்பியன் அணிகளில் இருந்தார் என்றாலும் எதிலும் அவர் நாயகன் இல்லை. ஆனாலும் 1997 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் சில விநாடிகளே மிச்சமிருக்க, சிகாகோவின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டான் தந்த பந்தைக் கூடையில் போட்டு வெற்றியை உறுதிசெய்தவர் அவர்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2003. அந்த ஆண்டு பிளேஆஃப் எனும் பட்டத்துக்கான கடைசிக்கட்டச் சுற்றுகளில் அநேகமாகப் பெஞ்சிலேயே கிடந்தவரை, டல்லாஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் சான் அன்டோனியோ பயிற்சியாளர் பாபவிச் உள்ளே அனுப்பினார். எறிந்த நான்கு மூன்று புள்ளி எறிதல்களும் கூடைக்குள் விழுந்தன. உட்கார்ந்திருந்த நாள்களிலெல்லாம் அவருடைய கவனம் ஆட்டத்தில்தான் இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? சிகாகோவில் பில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் பாபவிச் என்ற இரண்டு பெரிய பயிற்சியாளர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரை எப்போது மாற்றுகிறார்கள், ஏன் டைம் அவுட் கேட்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார். களத்தில் நாற்பது நிமிடம் ஓடும் நட்சத்திர வீரருக்கு அந்த அவகாசம் ஏது?

2014-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கெரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியபோது அவருக்குப் பயிற்சியாளர் அனுபவம் கிடையாது. ஓர் அணியின் பொது மேலாளராகவும் தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் இருந்தவர். வந்தவுடன், அதுவரை தன் ஆட்டங்கள் அனைத்திலும் தொடக்க ஐவரில் ஆடிப் பழகிய இகுவோடாலாவைப் பெஞ்சுக்கு அனுப்பி, அதை அவர் ஏற்கும்படியும் செய்தார். பெஞ்சில் உட்காருவதன் வலி தெரிந்தவர் சொன்னதால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது என்று நினைக்கிறேன். 2015 இறுதிச்சுற்றில் கிளீவ்லாந்திடம் 1-2 எனப் பின்தங்கியபோது, அதே இகுவோடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர். கெர் அதைக் கேட்டார், ஜெயித்தார், யோசனை யாருடையது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். இகுவோடாலா இறுதிச்சுற்றின் சிறந்த வீரரானார்.

நட்சத்திரங்கள் பயிற்சியாளர்களாகச் சோபித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பில் ரஸல் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். லாரி பேர்டும், பட்டம் வெல்லாவிட்டாலும், பயிற்சியாளராகச் சோபித்தவர்தான். ஆனால் வியூகங்களைப் பெரும்பாலும் உதவியாளர்களிடம் விட்டுவிடும் தெளிவு அவருக்கு இருந்தது. மேஜிக் ஜான்சனோ 1994-இல் 16 ஆட்டங்களில் 11-ஐத் தோற்றுவிட்டு விலகினார். திறமையாக ஆடுவது ஒன்று, இன்னொருவனை ஆட வைப்பது வேறொன்று.

ஏற்காட்டில் நான் பார்த்த பள்ளிப் போட்டி ஒன்றைச் சொல்கிறேன். பனிமூட்டம் இறங்கி சிமென்ட் தளம் ஈரமாகிவிட, பையன்கள் பந்தை ஜெர்சியில் துடைத்துத் துடைத்து ஆடினார்கள். ஓர் அணியின் பயிற்சியாளர், அந்தக் காலத்தில் பிரமாதமாக ஆடியவராம், "ஷூட் பண்ணுடா, ஷூட் பண்ணுடா" என்று கோட்டோரம் நின்று கத்திக்கொண்டே இருந்தார். களமிறக்கப்படாத ஒரு பையன், எதிரணியின் ஏழாம் எண்காரன் இடது கைப் பக்கமாக மட்டுமே பந்தைத் தட்டிக்கொண்டு போகிறான், வலப்பக்கம் வருவதே இல்லை என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். கவனித்துப் பார்த்தால், உண்மைதான். டைம் அவுட் வந்தபோது அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட பையன்கள் பிறகு என்ன ஆகிறார்கள்? நன்றாக ஆடியவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைத்தால் சேலத்தை விட்டே போய்விடுகிறான். பெஞ்சில் இருந்தவன் அப்பாவின் கொலுசுப் பட்டறையிலோ மாமாவின் கடையிலோ உட்கார்ந்துவிடுகிறான். ஊரில் தங்குபவன் அவன்தான். அவனைத்தான் நாம் கூப்பிடுவதே இல்லை.

மே மாதத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாமில் இதைச் செய்து பார்க்கலாம். பழைய பள்ளி அணிகளில் மாற்று ஆட்டக்காரர்களாக இருந்த நான்கைந்து பேரை, மாலை நேரத்துக்கு மட்டுமாவது, உதவிப் பயிற்சியாளர்களாக அழைக்கலாம். பேருந்துக் கட்டணத்துக்கும் டீச் செலவுக்கும் மேல் பெரிதாக ஆகாது. யார் யார் என்று தேடுவதும் கடினமில்லை, ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர்களைக் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வார்கள்.